எலக்ட்ரானை எண்ணிக் கொடுக்கும் ஒளி

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு வெடியுப்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாடப்புத்தகம் பொட்டாசியம் நைட்ரேட் என்று சொல்லும் அந்த வெள்ளைப் பொடி கந்தகத்தோடும் அலுமினியப் பவுடரோடும் சேர்ந்தால் வெடிமருந்து. கரியோடும் கந்தகத்தோடும் சேர்ந்தால் கருந்திரிக்குள் போகும் கருமருந்து. மழை குறைந்த கரிசல் மண்ணில் விவசாயம் கைவிட்ட குடும்பங்களுக்குத் தலைமுறைகளாகச் சோறு போட்டதும், அதே குடும்பங்களில் எத்தனையோ உயிர்களை எடுத்ததும் இந்த உப்புதான்.

1954இல் அலகாபாத் பல்கலைக்கழக வேதியியலர் கிருஷ்ண பகதூர் இதே உப்பைத் தண்ணீரில் கரைத்தார். அதில் பாராஃபார்மால்டிஹைடும் சிறிது ஃபெரிக் குளோரைடும் சேர்த்து, கிருமி நீக்கிய கரைசலை வெயிலில் வைத்தார். சூரிய ஒளி பட்ட கரைசலில் அமினோ அமிலங்கள் உண்டாகியிருந்ததாக அவர் எழுதிய சிறு கட்டுரை அவ்வாண்டே ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. வெடிக்கப் பயன்படும் உப்பு, வெயிலில் உயிரின் மூலப்பொருளுக்கு நைட்ரஜனைத் தந்தது என்பதே அதன் செய்தி.

இரண்டு வினைகளுக்கும் உள்ள வேறுபாட்டை எலக்ட்ரான் கணக்கில் பார்க்கலாம். பட்டாசு வெடிக்கும்போது நைட்ரேட்டின் ஒவ்வொரு நைட்ரஜன் அணுவும் 5 எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு நைட்ரஜன் வாயுவாகிறது. அலுமினியமும் கந்தகமும் அவற்றைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மொத்தமாகக் கொடுத்துவிடுகின்றன. அதே நைட்ரஜன் அமினோ அமிலத்துக்குள் அமர வேண்டுமானால் 8 எலக்ட்ரான்கள் வாங்க வேண்டும். இன்றைய ஒளிவினையூக்க ஆய்வகங்களில் செயற்கை அமினோ அமிலம் செய்யும்போது, ஒளி ஒரு நேரத்தில் நகர்த்துவது ஒரே ஓர் எலக்ட்ரான். ஐந்து, எட்டு, ஒன்று என்ற இந்த எண்களே இக்கட்டுரையின் இழை. எலக்ட்ரானை எண்ணிக் கொடுக்கத் தெரிந்தால் வேதியியல் பாதுகாப்பாகவும் துல்லியமாகவும் ஆகும். அந்தக் கலைக்கு வேண்டிய அறிவில் கணிசமான பங்கு விருதுநகர் மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இந்த இரண்டையும் நிறுவ முயல்கிறேன்.

இருபதுக்கு வெளியே

நம் உடலின் புரதங்கள் ஏறத்தாழ அனைத்தும் 20 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்தவை. செலினோசிஸ்டீன், பைரோலைசின் என்ற இரண்டு அரிய உறுப்பினர்களையும் சேர்த்தால் 22. மரபுக் குறியீடு நேரடியாக அழைக்கும் பட்டியல் அத்துடன் முடிகிறது. வேதியியல் அங்கே முடிவதில்லை. ஒரு கார்பன் அணு, அதன் ஒரு கையில் அமின், மறு கையில் கார்பாக்சிலிக் அமிலம், மூன்றாம் கையில் ஹைட்ரஜன், நான்காம் கையில் பக்கச் சங்கிலி என்பதே அமைப்பு. அந்தப் பக்கச் சங்கிலியை மாற்றிக்கொண்டே போனால் எண்ணற்ற அமினோ அமிலங்கள் பிறக்கும்.

இருபதுக்கு வெளியே உள்ளவற்றை ‘இயற்கைக்கு அப்பாற்பட்டவை’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அது பாதி உண்மைதான். சித்த மருத்துவம் பயன்படுத்தும் பூனைக்காலி விதையில் எல்-டோபா இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து அதுவே. தேயிலையில் தியானைனும் தர்ப்பூசணியில் சிட்ருலினும் உண்டு. கேசரிப் பருப்பை நெடுநாள் உணவாகக் கொண்டவர்களின் கால்களை முடக்கும் நச்சும் ஓர் அமினோ அமிலமே. அதைப் பிரித்தறிந்து 1964இல் அறிவித்தவர்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினரும் இருந்தனர். மருந்தாவதும் நஞ்சாவதும் பக்கச் சங்கிலியின் வடிவத்தைப் பொறுத்தது. அந்த வடிவத்தை விரும்பியபடி செய்யும் ஆற்றலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். அமினோ ஐசோபியூட்ரிக் அமிலம் என்பதைச் சுருக்கமாக ஏஐபி என்பார்கள். அலனின் மூலக்கூறின் நடுக் கார்பனில் உள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு இன்னொரு மெத்தில் தொகுதியை வைத்தால் கிடைப்பது அது. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் விண்கல் ஒன்று விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை மறுஆண்டு அறிவித்த குழுவில் சிரில் பொன்னம்பெரும இருந்தார். இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் பெற்று, பின்னர் வேதியியலுக்குச் சென்றவர் அவர். பூமியின் புரதங்களில் இடம்பெறாத ஏஐபி அந்தக் கல்லில் இருந்தது, அவை வானிலிருந்து வந்தவை என்பதற்கு ஒரு சான்றாயிற்று.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட வரைபடம் உலகம் முழுவதும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த வரைபடத்தில் ஏஐபிக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறுகியது. இரண்டு மெத்தில் தொகுதிகளும் இருபுறமும் நெருக்குவதால், சுருளாக வளைவதுதான் அதற்குப் பெரும்பாலும் முடியும். இந்தப் பிடிவாதத்தைப் பயன்படுத்தி, நினைத்த வடிவில் சிறு புரதங்களைக் கட்ட முடியும் என்று இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராம் பல பத்தாண்டுகள் ஆய்ந்து காட்டினார்.

இன்று நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் தரப்படும் செமாகுளுடைடு என்ற மருந்தில் எட்டாம் இடத்தில் இருப்பது ஏஐபி. நம் குடல் சுரக்கும் அசல் ஹார்மோனில் அந்த இடத்தில் அலனின் உண்டு. ஒரு நொதி அங்கே வந்து வெட்டிவிடுவதால் ஹார்மோன் சில நிமிடங்களில் செயலிழக்கிறது. ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஒரு மெத்தில் வந்ததும் நொதியின் கத்தி அங்கே இறங்குவதில்லை. இதனோடு கொழுப்புச் சங்கிலி ஒன்றையும் இணைத்ததால் வாரம் ஓர் ஊசி போதும் என்றாயிற்று.

இடக்கையும் வலக்கையும்

அப்படியானால் இவற்றை ஏன் மலிவாகச் செய்துகொள்ளவில்லை? செய்முறை பழையதுதான். 1850இல் அடோல்ஃப் ஸ்ட்ரெக்கர் ஆல்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு மூன்றையும் சேர்த்து அலனின் செய்தார். தொழிற்சாலைகள் இன்றும் அந்த வழியைப் பின்பற்றுகின்றன. அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது சயனைடு. இரண்டாவது, மூலக்கூறின் கை.

அமினோ அமிலத்தின் நடுக் கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருந்தால் அது இரண்டு வடிவங்களில் அமையும். நம் இரு கைகளைப் போல ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. உடலின் புரதங்கள் எல் வடிவம் எனப்படும் ஒரே கையை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. குடுவையில் வழிகாட்டி இல்லாமல் நடக்கும் வினையோ இரண்டையும் பாதிக்குப் பாதி தரும். பிறகு பிரிக்க வேண்டும். பாதிச் சரக்கு வீணாகலாம். எல்-டோபாவை ஒரே கை வடிவில் செய்யும் வினையூக்கியை அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தில் உருவாக்கிய வில்லியம் நோல்ஸ் 2001இல் நோபல் பரிசு பெற்றார். இந்த இடக்கை வலக்கைச் சிக்கல் எவ்வளவு பெரியது என்பதற்கு அந்தப் பரிசே அளவுகோல்.

அலகாபாத் வெயில்

ஒளியை வேதியியலின் கருவியாக்கும் கனவு பகதூரிடம் தொடங்கியதல்ல. இத்தாலிய வேதியியலர் ஜாக்கொமோ சாமிச்சான் 1912இல் நியூயார்க் மாநாட்டில் ஆற்றிய உரையில், வறண்ட நிலங்களில் கண்ணாடிக் குழாய்களும் கண்ணாடிக் கூடங்களும் நிற்கும், புகையும் புகைபோக்கியும் இல்லாத தொழிற்சாலைகள் எழும் என்று கற்பனை செய்தார். மழை பொய்த்த நிலத்துக்கு வெயிலே மூலதனம் என்ற எண்ணம் அதில் இருந்தது. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்து நிலத்தைப் பார்த்த யாருக்கும் அந்த வரி வேறெங்கோ எழுதியதாகத் தோன்றாது.

பகதூரின் குடுவையில் என்ன நடந்திருக்கும்? ஃபெரிக் இரும்பு ஒளியை வாங்கி, பக்கத்தில் உள்ள மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து ஃபெரஸ் இரும்பாக இறங்கும். பழைய கட்டட வரைபடங்களின் நீல நிறப் படிகள் எடுக்கப்பட்டது இந்த வினையால்தான். எலக்ட்ரானைப் பறிகொடுத்த மூலக்கூறு, இணையில்லாத எலக்ட்ரானோடு தனி உறுப்பாக நின்று, கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். நைட்ரேட்டும் புற ஊதா ஒளியில் உடையக்கூடியது. ஆக, எலக்ட்ரான் ஒவ்வொன்றாகத்தான் நகர்கிறது. ஆனால் நைட்ரஜன் எட்டுப் படிகள் இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பல கிளைவழிகள். எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்ல அங்கே யாருமில்லை. பல பொருள்களின் கலவை சிறிதளவில் கிடைக்கும். கைகளும் கலந்தே இருக்கும்.

பின்னாளில் பகதூர், ஒளிபட்ட கலவைகளில் உயிரணு போன்ற துகள்கள் தோன்றியதாகச் சொல்லி அவற்றுக்கு ‘ஜீவாணு’ என்று பெயரிட்டார். அதை மதிப்பிட்டு 1967இல் நாசா வெளியிட்ட அறிக்கையின் ஆசிரியர் இருவரில் ஒருவர் அதே பொன்னம்பெரும. துகள்களின் தன்மை இன்னும் தெளிவுபட வேண்டும் என்பதே அறிக்கையின் முடிவு. ஜீவாணு பற்றிய ஐயம் நியாயமானது. ஆனால் ஒளி எலக்ட்ரானை நகர்த்தி நைட்ரஜனையும் கார்பனையும் இணைக்க வல்லது என்ற அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. விண்வெளிப் பனியைப் போன்ற உறைந்த கலவையில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி அமினோ அமிலங்கள் பெற்றதாக 2002இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ‘நேச்சர்’ இதழில் எழுதின. அலகாபாத் குடுவையில் ஒளிக்குக் குறைவில்லை. ஒளிக்கு ஒரு முகவரிதான் இல்லை.

வெப்பம் எல்லோருக்கும், ஒளி ஒருவருக்கு

அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளிடம் புழங்கும் வெப்ப ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 2.5 கிலோஜூல். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியின் ஒரு மோல் ஃபோட்டான்களில் இருப்பது சுமார் 266 கிலோஜூல். நூறு மடங்குக்கும் மேல். அடுப்பில் குடுவையைச் சூடாக்கினால் உள்ளே உள்ள எல்லா மூலக்கூறுகளும் சூடாகின்றன. வேண்டாத வினைகளும் விழித்துக்கொள்ளும். ஒளியோ அதை உறிஞ்சும் நிறமுள்ள மூலக்கூறுக்கு மட்டுமே ஆற்றலைக் கொடுக்கும். நிறமற்றவை தண்ணீரில் கல்லாகக் கிடக்கும்.

மத்தாப்பில் நாம் ரசிப்பது இதன் மறுபக்கத்தை. வினையின் வெப்பம் ஸ்ட்ரான்ஷியம், பேரியம், தாமிரச் சேர்மங்களின் எலக்ட்ரானை மேலே ஏற்றுகிறது. அது இறங்கும்போது சிவப்பாகவும் பச்சையாகவும் நீலமாகவும் ஒளி வீசுகிறது. ஒளிவினையூக்கியில் ஒளியே எலக்ட்ரானை மேலே ஏற்றுகிறது. ஏறிய எலக்ட்ரான் ஒளியாகத் திரும்பி இறங்குவதற்குள் பக்கத்து மூலக்கூறோடு கொடுக்கல் வாங்கல் நடந்துவிட வேண்டும். ருத்தேனியமும் பைபிரிடினும் சேர்ந்த ஆரஞ்சு நிறச் சேர்மத்துக்கு அதற்காகக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு. மூலக்கூறுகளின் உலகில் அது தாராளமான அவகாசம்.

இந்தச் சேர்மம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எஸ். ராஜகோபாலும் அவர் மாணவர்களும் ருத்தேனியச் சேர்மங்கள் ஒளியில் ஃபீனால் வகைகளிடமிருந்து எலக்ட்ரானை வாங்கும் வேகத்தைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலியும் ஒரு ஃபீனால்தான். எலக்ட்ரான் எவ்வளவு வேகமாகத் தாவுகிறது என்ற இத்தகைய அளவீடுகளின் மேல்தான், அதை வைத்து என்ன செய்யலாம் என்ற அடுத்த கட்டம் எழுந்தது. 2008இல் அமெரிக்காவில் டேவிட் மெக்மில்லன் குழுவும் டெஹ்ஷிக் யூன் குழுவும் ருத்தேனியச் சேர்மத்தைக் கொண்டு புலப்படும் ஒளியில் கரிம மூலக்கூறுகளைக் கட்டிக் காட்டியபின் இத்துறை வேகம் பிடித்தது. மலிவான நீல எல்இடி விளக்குகள் அதற்குத் துணைநின்றன.

அச்சகத்தில் நடக்கும் அதே வினை

செயற்கை அமினோ அமிலத்தை ஒளியால் செய்யும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்ததைப் புரிந்துகொள்ள, சிவகாசியின் இன்னொரு தொழிலுக்குள் நுழைய வேண்டும். காலண்டர் அட்டைக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் பளபளப்பு ஏற்ற யூவி கோட்டிங் போடுகிறார்கள். ஈரமாகப் பூசிய தாள் விளக்கின் அடியில் போய் வெளிவரும்போது காய்ந்திருக்கிறது. உண்மையில் அது காய்வதில்லை. பூச்சில் கலந்துள்ள ஒளித் தொடக்கி புற ஊதா ஒளியில் தனி உறுப்புகளைத் தருகிறது. அவை அக்ரிலேட் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பில் போய் ஒட்டுகின்றன. ஒட்டியதும் அக்ரிலேட் தானே தனி உறுப்பாகி அடுத்த அக்ரிலேட்டைப் பிடிக்கிறது. சங்கிலி நீண்டு பூச்சு கெட்டிப்படுகிறது. ஒளியால் தனி உறுப்பு, தனி உறுப்பால் கார்பன்–கார்பன் பிணைப்பு என்ற வினை சிவகாசியில் நாள்தோறும் நடக்கிறது.

டிஹைட்ரோஅலனின் என்ற மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் அமிலத்தில் ஓர் அமின் தொகுதியை வைத்தது போன்ற அமைப்பு. இதன் இரட்டைப் பிணைப்பின் வெளி முனையில் ஒரு தனி உறுப்பு வந்து ஒட்டினால், அதுவே புதிய அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலி. எந்தத் தனி உறுப்பை அனுப்புகிறோமோ அந்தப் பக்கச் சங்கிலி கிடைக்கும். அச்சகத்து வினையோடு ஒரே ஒரு வேறுபாடு. அங்கே சங்கிலி ஓட வேண்டும். இங்கே முதல் கண்ணியிலேயே நிற்க வேண்டும். நிறுத்துவதும் ஓர் எலக்ட்ரான்தான். ஒளிவினையூக்கி தொடக்கத்தில் வாங்கிய எலக்ட்ரானை இந்த இடத்தில் திருப்பிக் கொடுக்கிறது, பிறகு ஒரு புரோட்டான் வந்து சேர்கிறது, மூலக்கூறு அடங்கிவிடுகிறது. கடன் வாங்கியது ஒன்று, திருப்பியது ஒன்று, கணக்கு நேர். நைட்ரஜன் ஏற்கெனவே தன் இடத்தில் அமர்ந்திருப்பதால் எட்டுப் படி இறக்கமும் தேவையில்லை. எமரி பல்கலைக்கழகத்தில் நேதன் ஜூயி குழு 2017இல் பிரிடின் வளையங்களை இவ்வாறு டிஹைட்ரோஅலனினில் இணைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சமின் டேவிஸ் குழுவினர் 2020இல், முழுப் புரதத்துக்குள் பதித்த டிஹைட்ரோஅலனின்மேலேயே ஒளியால் புதிய பக்கச் சங்கிலிகளை ஏற்றினார்கள்.

ஆனால் அந்தக் கடைசிப் புரோட்டான் மூலக்கூறின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே கையைத் தீர்மானிக்கிறது. வெறும் கரைசலில் இரண்டு பக்கமும் வழி திறந்திருப்பதால் பழையபடி பாதிக்குப் பாதி. ஒரு பக்கத்தை அடைக்கும் தற்காலிக வளையம் ஒன்றை மூலக்கூறில் கட்டி, வேலை முடிந்ததும் கழற்றலாம். கட்டுவதும் கழற்றுவதும் கூடுதல் செலவு, கூடுதல் கழிவு.

நொதிக்குள் வந்த ஒளி

2023 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் யாங் யாங் குழு, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெங் லியு குழுவோடு சேர்ந்து செய்தது அது. உயிர்களில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் நொதியின் ஒரு பகுதியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நொதியைத் தலைமுறை தலைமுறையாக மாற்றித் தேர்ந்தெடுக்கும் முறைக்காக 2018இல் நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்டின் ஆய்வகத்தில் பயின்றவர் யாங்.

இந்த நொதியின் நடுவில் வைட்டமின் பி6இலிருந்து வரும் பைரிடாக்சால் ஃபாஸ்பேட் அமர்ந்திருக்கிறது. அது செரீன் என்ற சாதாரண அமினோ அமிலத்தைப் பிடித்து, ஷிஃப் காரம் எனப்படும் பிணைப்பால் தன்னோடு கட்டி, ஒரு நீர் மூலக்கூறை நீக்குகிறது. மிஞ்சுவது அமினோ அக்ரிலேட். ஆம், அச்சகத்துப் பூச்சில் பார்த்த அதே அக்ரிலேட் இரட்டைப் பிணைப்பு, இப்போது நொதியின் பள்ளத்துக்குள், ஒரே ஒரு வாசலோடு.

வெளியே கரைசலில் ஒரு சாயம் ஒளியை வாங்கி, போரான் சேர்மம் ஒன்றிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுக்கிறது. போரான் கழன்று தனி உறுப்பு பிறக்கிறது. அது நொதிக்குள் நுழைந்து அமினோ அக்ரிலேட்டில் ஒட்டுகிறது. சாயம் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கிறது. புரோட்டானை எந்தப் பக்கத்திலிருந்து தருவது என்பதை நொதியின் சுவர்கள் முடிவு செய்கின்றன. நொதியைத் திருத்துவதன்மூலம் எல் வடிவத்தையும், இயற்கை அரிதாகவே தரும் டி வடிவத்தையும் அவர்களால் பெற முடிந்தது. அமினையும் அமிலத்தையும் மூடிப் பாதுகாக்கும் தொகுதிகள் எதுவும் தேவைப்படவில்லை. இதே குழு 2024இல் ‘நேச்சர்’ இதழில் இன்னும் ஒரு படி சென்று, அமினோ அமிலத்தையும் போரான் சேர்மத்தையும் நேரடியாக இணைக்கும் ஒளி–நொதி வினையை வெளியிட்டது.

2023 ஆய்வில் ஒளியை வாங்கிய சாயம் ரோடமின்-பி. இந்தப் பெயரைத் தமிழ்நாடு நன்கு அறியும். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்கு இங்கே தடை வந்தது இந்தச் சாயத்தால்தான். துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயத்தைக் குழந்தைகள் வாயில் வைத்தது குற்றம். பச்சை ஒளியை ஆவலாக உறிஞ்சும் அதே இயல்பு, உரிய இடத்தில் மருந்து செய்ய ஒளியை வாங்கும் ஆண்டெனாவாகிறது. பொருளில் நன்மையும் தீமையும் எழுதி வைக்கப்படவில்லை. அதை எங்கே, எவ்வளவு, யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி. வெடியுப்புக்கும் இதே நீதிதான்.

ஒரு மில்லிமீட்டர் ஆழம்

இம்முறையின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். நிறம் அடர்ந்த கரைசலில் ஒளி வெகுதூரம் போகாது. சுவரை ஒட்டிய முதல் சில மில்லிமீட்டருக்குள் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். சிறு குப்பியில் அருமையாக நடந்த வினையைப் பெரிய தொட்டிக்கு மாற்றினால் நடுப்பகுதி இருட்டில் கிடக்கும். தனி உறுப்புகளை ஆக்சிஜன் விழுங்கிவிடுவதால் காற்றை நீக்க வேண்டும். போரான் சேர்மங்களையும் யாராவது செய்து தர வேண்டும். நொதி அதிகச் செறிவையும் கரைப்பானையும் தாங்காது. ஆய்வகத்தில் மில்லிகிராம் அளவில் பார்த்தவை கிலோ கணக்குக்கு வர உழைப்பு மிச்சமிருக்கிறது.

ஒளி நுழையாத சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட வழி, தொட்டியைக் கைவிடுவது. ஒரு மில்லிமீட்டர் அளவு உள்விட்டமுள்ள நீண்ட குழாயை விளக்கைச் சுற்றிச் சுருட்டி, கரைசலை மெதுவாக ஓடவிடுகிறார்கள். எந்த நேரத்திலும் வினையில் இருப்பது சிறிதளவே. ஒளி முழுதும் ஊடுருவும். ஏதாவது தவறினாலும் சேதம் சிறியது. அளவைக் கூட்ட வேண்டுமானால் நெடுநேரம் ஓட்டலாம், அல்லது குழாய்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம்.

இதைப் படித்தபோது பட்டாசு ஆலைகளுக்கான விதிகள்தாம் நினைவுக்கு வந்தன. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. குறிப்பிட்ட எடைக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். எந்த நேரத்திலும் சிறிதளவே வினைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற ஒரே அறிவுதான் இரண்டிலும் உள்ளது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்து போன்றவை, இந்த அறிவு எழுத்தில் இருந்தும் நடப்பில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதன் ஆறாத சான்றுகள். விபத்துக்குப் பிறகு நாளிதழில் ‘உராய்வு’ என்று ஒரு சொல் வரும். அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பது, எண்ணாமல் ஒரே நேரத்தில் கைமாறிய கோடானுகோடி எலக்ட்ரான்கள்.

கரிசலில் இதற்கு இடம் உண்டா

ஒளிவினையூக்கம் வந்து பட்டாசுத் தொழிலின் இடத்தைப் பிடிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. லட்சக்கணக்கான கைகளுக்கு வேலை தரும் தொழிலுக்கு, சில ஆய்வகங்களில் நடக்கும் நுண்ணிய வேதியியல் மாற்றாகாது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தபோது இந்த வட்டாரம் பட்ட பாடு வேறொன்றைக் காட்டியது. தன் மருந்தின் வேதியியலைத் தானே மாற்றியமைக்கும் ஆய்வு பலம் ஒரு தொழில் வட்டாரத்துக்கு வேண்டும். அது இல்லாதபோது வெளியிலிருந்து கலவை விதி வரும் வரை காத்திருக்க நேர்கிறது.

அந்தப் பலத்துக்கான விதைகள் இங்கே உண்டு. விருதுநகரில் 1947இல் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரியின் வேதியியல் ஆய்வுத் துறை, ஷிஃப் காரங்களின் உலோகச் சேர்மங்களைப் பற்றி நீண்ட காலமாகக் கட்டுரைகள் வெளியிட்டு வருகிறது. பைரிடாக்சால் நொதி அமினோ அமிலத்தைப் பிடிப்பது அதே ஷிஃப் காரப் பிணைப்பால்தான். சிவகாசியில் அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, விருதுநகரில் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் என்று வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஒளி எலக்ட்ரான் மாற்றத்தை அளந்த மரபு மதுரையில் இருக்கிறது. செய்த அமினோ அமிலத்தைப் புரதத்துக்குள் கோக்கும் கலை, சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நி. அய்யாதுரை குழுவினரிடம் இருக்கிறது. மரபுக் குறியீட்டை விரித்து இருபதுக்கு வெளியே உள்ள அமினோ அமிலங்களைப் புரதங்களில் ஏற்றுவது அவர்கள் துறை.

ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வுத் திட்டமாக இதை எப்படித் தொடங்கலாம்? டிஹைட்ரோஅலனின் எஸ்டர், ஒரு மலிவான கரிமச் சாயம், தனி உறுப்புக்கான மூலப்பொருள், நைட்ரஜன் வாயு, ஒரு எல்இடி பட்டை, விசிறி. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முகர்ந்து பார்க்கவும் தொட்டுப் பார்க்கவும் கூடாது. வினை முடிந்து பாதுகாப்புத் தொகுதிகளை நீக்கியபின் ஒரு சொட்டைத் தாளில் வைத்து நின்ஹைட்ரின் தெளித்தால், ஊதா நிறம் எழும். அது அமினோ அமிலம் பிறந்ததைச் சொல்லும். எந்தக் கை என்று சொல்லாது. அதற்குக் கைகளைப் பிரித்தறியும் குரோமட்டோகிராஃபி கருவி வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே வாங்க முடியாத அந்தக் கருவியை மாவட்டத்துக்கு ஒன்றாகப் பொதுவில் வைக்க முடியும். தொழிலில் பொருள் ஈட்டிய குடும்பங்களும் சங்கங்களும் பள்ளி கல்லூரி கட்டிய மரபு உள்ள மாவட்டம் இது. அடுத்த கட்டிடம் ஒரு பொது அளவீட்டுக் கூடமாக இருக்கலாம்.

அந்தக் கூடத்தில் வேலை பார்க்க வரும் பெண், மருந்து அறையில் கிராம் கிராமாக நிறுத்துக் கொடுத்த ஒருவரின் மகளாக இருக்கக்கூடும். கொஞ்சமாக எடு, ஒதுக்கமாக வை, ஒன்று முடிந்தபின் அடுத்ததைத் தொடு என்று அவள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். விளக்கைச் சுற்றிய மெல்லிய குழாயில் கரைசல் ஓடும்போதும் அவள் கடைப்பிடிக்க வேண்டியது அதையேதான். ஆனால் இங்கே பிசகினால் பாழாவது ஒரு மில்லிலிட்டர் கரைசல். சரியாக வந்தால் கிடைப்பது இதுவரை எந்தப் புரதத்திலும் இல்லாத ஒரு மூலக்கூறு.